அத்தியாயம் 6: பிளேனார் ஹெட்போனுக்கு ஆம்ப் தேர்ந்தெடுப்பது

ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ வேலை பார்ப்பவருக்கு ஐ.க்யூ.சி. என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. லாரியில் வந்து இறங்கும் பாகத்தை அளந்து, டிராயிங்கோடு ஒப்பிட்டு, ஓகே அல்லது என்ஜி என்று ஸ்டிக்கர் ஒட்டும் மேசை அது. அளக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட லைனுக்கு அனுப்ப மாட்டோம். ஆனால் சொந்தக் காசில் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது மட்டும் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட்ஸைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். அந்த மேசையை உங்கள் அறைக்குக் கொண்டுவருவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. முதலில் கணக்கு, அடுத்து அளவு, கடைசியில் காது. இந்த வரிசை மாறினால் பணம் வீணாகும்.

## தேவையானவை

- உங்கள் ஹெட்போனின் இரண்டு எண்கள்: இம்பீடன்ஸ் (ஓம்), சென்சிட்டிவிட்டி (டெசிபல்). பெட்டியிலோ மேனுவலிலோ இருக்கும்.
- டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. ஏசியில் 2 வோல்ட் அல்லது 20 வோல்ட் ரேஞ்ச் இருக்க வேண்டும். மிக மலிவான மீட்டர்கள் பலவற்றில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச்தான். அவை இந்த வேலைக்கு உதவாது.
- 33 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இரண்டு.
- ஆம்பின் துளைக்கு ஏற்ற 3.5 அல்லது 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக் ஒன்று, கொஞ்சம் வயர், சோல்டரிங் அயர்ன்.

மீட்டர், ரெசிஸ்டர், ஜாக் எல்லாமே சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். வார விடுமுறையில் ஒரு நடை போய்வந்தால் போதும்.

## தியரி, தேவையான அளவு மட்டும்

சாதாரண டைனமிக் ஹெட்போனில் ஒரு கூம்பும், அதன் பின்னால் காந்தத்துக்குள் ஒரு சுருளும் இருக்கும். பிளேனாரில் சுருள் கிடையாது. மெல்லிய படலத்தின் மேலேயே மின்பாதை படிந்திருக்கும். அந்தப் படலம் காந்த வரிசையின் முன்னாலோ, இரண்டு வரிசைகளுக்கு நடுவிலோ நிற்கும். யமஹா 1976-இல் எச்பி-1 என்ற மாடலை ஆர்த்தோடைனமிக் என்ற பெயரில் விற்றது. அதன் அடிப்படையும் இதுதான்.

ஆம்ப் வாங்குபவர் இதிலிருந்து நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று: பிளேனாரின் இம்பீடன்ஸ் பாஸிலிருந்து ட்ரெபிள் வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். சென்ஹைசர் எச்டி 650 போன்ற டைனமிக் ஹெட்போன் பெயரளவில் 300 ஓம்தான் என்றாலும், பாஸ் பகுதியில் அதைவிட வெகுவாக ஏறும். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகமானால் அதன் ஒலியின் நிறமே மாறிவிடும். பிளேனாரில் நிறம் மாறாது, சத்தம் மட்டும் குறையும்.

இரண்டு: பெரும்பாலான பிளேனார்கள் ஓமில் குறைவு, சென்சிட்டிவிட்டியிலும் குறைவு. அவை கேட்பது கரண்ட். 300 ஓம் ஹெட்போனை நன்றாக ஓட்டும் ஆம்ப், 32 ஓம் பிளேனாரில் மூச்சுத் திணறலாம்.

தியரி இவ்வளவுதான்.

## முதல் பகுதி: உங்களுக்கு எவ்வளவு பவர் தேவை?

1. இலக்கை வையுங்கள். பாட்டு கேட்கும் சராசரி சத்தம் 75 முதல் 80 டெசிபல் என்று கொள்வோம். தவில் அடியும் மிருதங்கச் சாப்பும் அதற்கு மேல் 15, 20 டெசிபல் துள்ளும். ஈக்வலைசரில் பாஸை 6 டெசிபல் ஏற்றுவீர்கள். எல்லாம் சேர்த்து, கொஞ்சம் இடமும் விட்டு, உச்சத்துக்கு 110 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது நொடியின் சிறு பகுதியில் வந்துபோகும் உச்சம். தொடர்ந்து கேட்கும் அளவு அல்ல.

2. கழித்தல் கணக்கு போடுங்கள். 110-இலிருந்து உங்கள் ஹெட்போனின் சென்சிட்டிவிட்டியைக் கழியுங்கள். மீதி 10 என்றால் 10 மில்லிவாட் தேவை. 13 என்றால் 20. 16 என்றால் 40. 19 என்றால் 80. 20 என்றால் 100. 27 என்றால் 500. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பவர் இரட்டிப்பாகும், ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்காகும்.

3. வோல்ட்டேஜைக் கண்டுபிடியுங்கள். மில்லிவாட்டை 1000-ஆல் வகுத்து வாட் ஆக்குங்கள். அதை ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். அதுவே தேவையான வோல்ட். வோல்ட்டை ஓமால் வகுத்தால் கரண்ட்.

4. இரட்டிப்பாக்குங்கள். வந்த மில்லிவாட்டின் இரண்டு மடங்கை ஆம்ப் திணறாமல் தந்தால் போதும். பத்து மடங்கு தேவையில்லை.

சில மாடல்களுக்கு நான் போட்ட கணக்கு இது. ஓமும் சென்சிட்டிவிட்டியும் தயாரிப்பாளர்கள் அறிவித்தவை.

- ஆடிஸி எல்சிடி-எக்ஸ்: 20 ஓம், 103 டெசிபல். தேவை 5 மில்லிவாட், 0.32 வோல்ட், 16 மில்லிஆம்பியர்.
- ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி எம்கே3: 50 ஓம், 92 டெசிபல். தேவை 63 மில்லிவாட், 1.8 வோல்ட், 36 மில்லிஆம்பியர்.
- ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ: 32 ஓம், 91 டெசிபல். தேவை 80 மில்லிவாட், 1.6 வோல்ட், 50 மில்லிஆம்பியர்.
- ஹைஃபைமேன் எச்இ6: 50 ஓம், 83.5 டெசிபல். தேவை 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர்.

நான்குமே பிளேனார்தான். ஆனால் எல்சிடி-எக்ஸுக்கும் எச்இ6-க்கும் நடுவே பவரில் கிட்டத்தட்ட 90 மடங்கு வித்தியாசம். "பிளேனார் என்றாலே பெரிய ஆம்ப் வேண்டும்" என்று யாராவது சொன்னால், எந்த மாடலுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

> கவனம்: சென்சிட்டிவிட்டியைச் சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு என்றும், சிலர் ஒரு வோல்ட்டுக்கு என்றும் எழுதுவார்கள். வோல்ட் கணக்கில் எண் பெரிதாகத் தெரியும். அப்படி எழுதியிருந்தால் 20 ஓம் ஹெட்போனுக்கு 17-ஐயும், 32 ஓமுக்கு 15-ஐயும், 50 ஓமுக்கு 13-ஐயும் கழித்துவிட்டு மேலே உள்ள கணக்கைப் போடுங்கள்.

## இரண்டாம் பகுதி: ஆம்ப் தேவைதானா?

சுங்குவார்சத்திரத்தில் அசெம்பிள் ஆகும் ஐபோன்களில் ஹெட்போன் துளை கிடையாது. 2016-இல் ஐபோன் 7-உடன் அந்தத் துளை போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பயன்படும் ஆப்பிள் டாங்கிள் சுமார் 1 வோல்ட் தரும். 32 ஓமில் அது 31 மில்லிவாட். எச்இ400எஸ்இ-யில் கணக்கிட்டால் உச்சம் 106 டெசிபல்.

அதாவது, சினிமாப் பாட்டை மிதமான சத்தத்தில், ஈக்வலைசர் இல்லாமல் கேட்பவருக்கு அந்தச் சின்ன டாங்கிளே ஏறக்குறைய போதும். எல்சிடி-எக்ஸுக்கு அது தாராளம். எச்இ6-க்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. ஈக்வலைசரை அணைத்துவிட்டு, இருப்பதிலேயே மெதுவாகப் பதிவான பாட்டு ஒன்றைப் போடுங்கள். பழைய கச்சேரிப் பதிவு இதற்கு ஏற்றது.
2. நீங்கள் விரும்பும் சத்தம் வரும்வரை வால்யூமை ஏற்றுங்கள்.
3. முக்கால் அளவுக்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டால் இப்போதைக்கு ஆம்ப் வாங்க வேண்டாம். முழுவதும் ஏற்றியும் போதவில்லை அல்லது உச்சத்தில் கரகரக்கிறது என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

> குறிப்பு: சில ஆண்ட்ராய்டு போன்களில் இதே டாங்கிளின் யூஎஸ்பி-சி வகை முழு வோல்ட்டேஜையும் தராது. லேப்டாப்பிலும் ஒருமுறை சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

## மூன்றாம் பகுதி: எந்த வகை ஆம்ப்?

இது இசையைவிட அறையைப் பொறுத்த முடிவு.

ஹாஸ்டல் அல்லது பகிர்ந்த அறை. பக்கத்துக் கட்டிலில் நைட் ஷிஃப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். பெரும்பாலான பிளேனார்கள் ஓபன்-பேக், அதாவது பின்பக்கம் திறந்தவை. உங்கள் பாட்டில் பாதி அவருக்கும் கேட்கும். இதற்கு ஆம்பில் மருந்து இல்லை, மூடிய வகை ஹெட்போன்தான் தீர்வு. ஆம்ப் என்றால் போனிலோ லேப்டாப்பிலோ செருகும் யூஎஸ்பி டாக்-ஆம்ப் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றும் டாக்கும் ஆம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) போதும். மேசை வேண்டாம், பிளக் வேண்டாம், அறை மாறும்போது சட்டைப்பையில் போகும். 32 ஓமில் 150 முதல் 200 மில்லிவாட் தரும் ஒன்றைப் பாருங்கள்.

கம்பெனி பஸ். ஓபன்-பேக் பிளேனாரை பஸ்ஸில் போட்டால் இன்ஜின் சத்தமும் சேர்ந்து கேட்கும், அதை அமுக்க வால்யூமை ஏற்றுவீர்கள். பஸ்ஸுக்கு இயர்போனே போதும்.

தனி அறை, மேசை, நிலையான பிளக். இங்கே டெஸ்க்டாப் ஆம்ப். ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம் 32 ஓமில் 1 வாட் என்று அறிவிக்கப்பட்டது. ஃபியோ கே7 சாதாரணத் துளையில் 1220 மில்லிவாட், பேலன்ஸ்டு துளையில் (இரண்டு சேனலுக்கும் தனித்தனி மைனஸ் உள்ள துளை) 2000 மில்லிவாட். எச்இ400எஸ்இ வைத்திருப்பவருக்கு இரண்டுமே தேவைக்கு மேல். எச்இ6 வகை வைத்திருப்பவர் தேட வேண்டிய அளவும் இதுதான்.

ட்யூப் ஆம்ப். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை என்றால் பிளேனாருக்கு வேண்டாம். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம், 300 ஓம் ஹெட்போனுக்காகப் பிறந்தது அது. 120 ஓம் அவுட்புட்டில் 32 ஓம் பிளேனாரைச் செருகினால் வோல்ட்டேஜில் ஐந்தில் ஒரு பங்குதான் ஹெட்போனுக்கு வந்து சேரும். மீதி ஆம்புக்குள்ளேயே வீணாகும்.

சொந்தமாகச் செய்ய விரும்புபவர். சோல்டரிங் கை இருந்தால் 2011-இல் வெளியான ஓ2 ஆம்ப் டிசைனைப் பாருங்கள். என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் சர்க்யூட்டையும் அளவீடுகளையும் எல்லோருக்கும் கொடுத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். அடாப்டரில் ஓட்டினால் 33 ஓமில் சுமார் 600 மில்லிவாட்.

## நான்காம் பகுதி: ஸ்பெக் ஷீட்டைப் படிப்பது

பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ் என்று எழுதிய டேப்ரெக்கார்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, எழுத்துகள்தான் மாறியிருக்கின்றன. வாட்ஸைப் பார்த்தவுடன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. எத்தனை ஓமில்? 16 ஓமில் 3 வாட் என்பதும் 300 ஓமில் 300 மில்லிவாட் என்பதும் ஒரே ஆம்பின் இரண்டு முகங்களாக இருக்கலாம். உங்கள் ஹெட்போனுக்கு அருகில் உள்ள ஓமைப் பாருங்கள்.
2. எந்தத் துளையில்? பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பேலன்ஸ்டு துளையின் எண். உங்கள் கேபிள் சாதாரண 3.5 என்றால் அந்த எண் உங்களுக்கு இல்லை.
3. எவ்வளவு டிஸ்டார்ஷனில்? 1 சதவீதத்துக்குள் அளந்ததா, 10 சதவீதம்வரை முறுக்கி எடுத்ததா? 10 சதவீதத்தில் கிடைப்பது பாட்டு இல்லை, இரைச்சல்.
4. இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போதா? ஒரு சேனலை மட்டும் ஓட்டி அளந்த எண் வீட்டில் வராது.

நான்குக்கும் பதில் இல்லாத ஷீட்டை, டிராயிங் இல்லாமல் வந்த பாகமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

## ஐந்தாம் பகுதி: மேசையில் அளந்து பார்த்தல்

ஆம்பைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. முதல் இரண்டு சோதனைகளையும் ஹெட்போனைச் செருகாமலே செய்ய வேண்டும்.

ஜாக் தயாரித்தல்: ஸ்டீரியோ ஜாக்கின் நுனி இடது சேனல், நடு வளையம் வலது சேனல், அடிப்பகுதி பொது. மூன்றிலும் வயர் சோல்டர் செய்து, ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வையுங்கள்.

சோதனை 1: டிசி ஆஃப்செட்

1. ஆம்பை ஆன் செய்து, வால்யூமைக் குறைந்தபட்சத்தில் வைத்து, ஐந்து நிமிடம் சூடேற விடுங்கள்.
2. மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள்.
3. நுனிக்கும் பொதுவுக்கும் நடுவில் ஒருமுறை, வளையத்துக்கும் பொதுவுக்கும் நடுவில் ஒருமுறை அளந்து பாருங்கள்.
4. 10 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 50-ஐத் தாண்டினால் என்ஜி. பாட்டே ஓடாத நேரத்திலும் அந்த டிசி படலத்தை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டும் சூடேற்றிக்கொண்டும் இருக்கும்.

சோதனை 2: லோடு தாங்குகிறதா?

1. லேப்டாப்பில் 150 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை முழு அளவில் ஓடவிடுங்கள்.
2. மீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாற்றுங்கள். முதல் பகுதியில் கண்டுபிடித்த வோல்ட்டேஜ் வரும்வரை ஆம்பின் வால்யூமை ஏற்றுங்கள். எச்இ400எஸ்இ என்றால் 1.60 வோல்ட்.
3. வால்யூமைத் தொடாமல், 33 ஓம் ரெசிஸ்டரை இரண்டு சேனலிலும் பொதுவோடு இணையுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள்.
4. 1.60 என்பது 1.55 ஆனால் ஆம்ப் தாங்குகிறது. 1.10-க்கு விழுந்தால் ஒன்று அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம், இல்லையென்றால் கரண்ட் போதவில்லை. எதுவாக இருந்தாலும் உங்கள் பிளேனாருக்கு அது ஆகாது.

அவுட்புட் இம்பீடன்ஸ் எண்ணாகவே வேண்டுமா? முதல் அளவை இரண்டாம் அளவால் வகுத்து, 1-ஐக் கழித்து, 33-ஆல் பெருக்குங்கள். 1.60, 1.55 என்றால் சுமார் 1 ஓம். 1.60, 1.10 என்றால் 15 ஓம்.

> எச்சரிக்கை: இந்த ஜாக்கைச் சாதாரணத் துளையில் மட்டும் செருகுங்கள், இந்தச் சோதனையையும் அதில் மட்டும் செய்யுங்கள். பேலன்ஸ்டு துளையில் இரண்டு சேனலுக்கும் பொது கிடையாது. அங்கே பொதுவைக் கற்பித்துக்கொண்டு இணைத்தால் ஆம்ப் ஷார்ட் ஆகும்.

சோதனை 3: காது

1. தம்புரா மட்டும் ஒலிக்கும் பதிவைக் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். சுருதி நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் வால்யூம் குமிழின் கோளாறு.
2. பாட்டை நிறுத்தி வால்யூமை நீங்கள் கேட்கும் அளவிலேயே விட்டுவிடுங்கள். இரைச்சலோ "ம்ம்ம்" என்ற ஹம்மோ கேட்கக்கூடாது.
3. தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்த பதிவு ஒன்றைப் போடுங்கள். தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழ வேண்டும். பாஸ் மழுங்கி, நாகஸ்வரம் கரகரத்தால் ஆம்ப் உச்சத்தில் முட்டுகிறது.
4. கெய்ன் சுவிட்ச் இருந்தால், வழக்கமான சத்தம் வால்யூம் குமிழின் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் வரும்படி வையுங்கள். 8 மணியிலேயே காது கிழிந்தால் கெய்னைக் குறையுங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

ரிச்சி ஸ்ட்ரீட் போர்டு. ஒருமுறை கடையில் என் பக்கத்தில் நின்ற பையன் டிபிஏ3116 ஸ்பீக்கர் போர்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணே, இது ஹெட்போனுக்கு ஓடுமா?" கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓடும் தம்பி, சவுண்டு பிச்சிக்கும்." பிய்வது சவுண்டாக இருக்காது. அந்த வகை போர்டில் ஸ்பீக்கரின் மைனஸ் கிரவுண்டு அல்ல, அதிலும் சிக்னல் ஓடும். ஹெட்போன் ஜாக்கில் இரண்டு மைனஸும் ஒன்றாகச் சேரும்போது போர்டு ஷார்ட் ஆகும். அது தப்பித்தாலும், கை தவறி வால்யூம் ஏறினால் படலம் கருகும். எச்இ6 போன்ற பசிக்காரர்களை ஸ்பீக்கர் ஆம்பில் ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் நான்கு வயர் கேபிளும், ஆம்பின் சர்க்யூட்டைப் பற்றிய தெளிவும் இருந்தபின்தான் அதில் இறங்குகிறார்கள்.

பேலன்ஸ்டு துளைக்குச் சாதாரண கன்வெர்ட்டர். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளையிலிருந்து 3.5 சாதாரண ஹெட்போனுக்கு மாற்றும் சின்ன அடாப்டரை வாங்காதீர்கள். இரண்டு மைனஸையும் அது இணைத்துவிடும். எதிர்த்திசையில், அதாவது சாதாரணத் துளையில் பேலன்ஸ்டு கேபிளைச் செருக உதவும் அடாப்டர் பாதுகாப்பானது.

பின் மாற்றியை வோல்ட்டேஜ் மாற்றி என்று நினைப்பது. இது என் சொந்தத் தவறு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்பின் அடாப்டரில் 120 வோல்ட் என்று எழுதியிருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த தூக்கக் கலக்கத்தில் அதைப் படிக்கவில்லை. தட்டைப் பின்னை நம்மூர் பிளக்கில் நுழைக்கும் மாற்றியில் போட்டு 230 வோல்ட்டில் செருகினேன். ஒரு நிமிடத்துக்குள் வார்னிஷ் கருகும் வாடை. அடாப்டர் கையில் பிடிக்க முடியாத சூடு. ஆம்ப் பிழைத்தது அதிர்ஷ்டம்.

டிசி அடாப்டரைப் போடுவது. அடுத்த தவறையும் அன்றே செய்யப் போனேன். சிசிடிவி கேமராவின் 12 வோல்ட் அடாப்டர் பின் அளவு பொருந்தியது. நல்லவேளை, ஆம்பின் பின்பக்கத்தைப் படித்தேன்: 16 வோல்ட் ஏசி. ஷிட் மேக்னி, ஜேடிஎஸ் ஆட்டம் போன்ற ஆம்ப்கள் ஏசி தரும் அடாப்டரில் ஓடுபவை. அந்த ஏசியிலிருந்துதான் பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையையும் அவை எடுக்கின்றன. டிசி கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் உயிர் பெறும். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத ஆம்பில் அந்த டிசி நேராக ஹெட்போனுக்குப் போகலாம். பின் பொருந்துவது ஒரு பொருட்டே இல்லை. வோல்ட், ஏசியா டிசியா, ஆம்பியர் மூன்றையும் படியுங்கள்.

## பாதுகாப்பு

மின்சாரம்

1. அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதா பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம்.
2. ஹம் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் கோளாறு ஆம்பில் இல்லை, கிரவுண்டு லூப்பில். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போட்டுப் பாருங்கள்.
3. ஹம்மைப் போக்க எர்த் பின்னை வெட்டாதீர்கள். வாடகை அறைகளில் மூன்று துளை பிளக் இருந்தும் எர்த் வயரே வராமல் இருப்பதுண்டு. ஆம்பின் உலோக உடலில் கை வைத்தால் சுருக்கென்றால், வயர்மேனை அழைத்து எர்த்தைச் சரிபார்த்தபின் ஆன் செய்யுங்கள்.
4. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் உறுமும், சூடாகும். கரண்ட் போனால் ஆம்பை அணைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி கேட்டால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

ஹெட்போன்

1. ஆன் செய்யும் வரிசை: வால்யூம் பூஜ்ஜியம், ஆம்ப் ஆன், ரிலே "டிக்" என்னும்வரை காத்திருத்தல், கடைசியில் ஹெட்போன். அணைக்கும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.
2. ஜாக்கைச் செருகும்போதும் எடுக்கும்போதும் ஒரு கணம் முனைகள் உரசி ஷார்ட் ஆகும். அப்போது வால்யூம் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும்.
3. பிரஸ் ஷாப், கிரைண்டிங், மெஷினிங் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் யூனிஃபார்மோடு ஹெட்போனைத் தொடவே கூடாது. பிளேனாருக்குள் இருப்பது வலுவான காந்தம். சட்டையில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளை அது இழுத்துக்கொள்ளும். படலத்தில் ஒட்டிய துகள் ஒவ்வொரு பாஸுக்கும் கரகரக்கும். குளித்து, உடை மாற்றிவிட்டுத் தொடுங்கள். கேட்டு முடித்ததும் துணிப்பையில் வையுங்கள்.

காது

நம் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர ஷிஃப்டுக்கான இரைச்சல் வரம்பு 90 டெசிபல். பொழுதுபோக்காகக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. இயர்பிளக் இல்லாமல் பிரஸ் அருகே ஷிஃப்ட் முடித்தவரின் காது, அறைக்கு வருவதற்குள்ளேயே தன் பங்கைச் செலவழித்திருக்கும்.

இன்னொரு சிக்கல், இரைச்சலிலிருந்து வெளியே வந்த காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். அப்போது வைக்கும் வால்யூம் எப்போதும் தேவைக்கு மேல்தான் போகும். அதனால் வால்யூமை ஷிஃப்ட் முடிந்த இரவில் தீர்மானிக்காதீர்கள். விடுமுறை நாள் காலையில், நன்றாகத் தூங்கி எழுந்தபின் வையுங்கள். குமிழ் நிற்கும் இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள். மற்ற நாட்களில் அதைத் தாண்டாதீர்கள். ஹெட்போனைக் கழற்றியபின் காதுக்குள் ரீங்காரம் கேட்டால் ஸ்டிக்கரைக் கீழே இறக்குங்கள். லைனில் தவறிய பாகத்துக்கு ரீவொர்க் உண்டு. போன கேள்திறனுக்கு அது கிடையாது.

## வாங்கும்போது

- சென்னையைச் சேர்ந்த ஹெட்போன் ஸோன் போல ஹெட்போன், ஆம்ப் இரண்டையும் விற்கும் கடையில், இந்திய வாரண்டியோடு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கையில் வரும் ஆம்பின் விலை குறைவாகத் தெரியும், ஆனால் பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.
- முடிந்தால் உங்கள் ஹெட்போனையே எடுத்துப்போய்ச் செருகிக் கேளுங்கள்.
- ஹெட்போனின் விலையைவிட ஆம்பின் விலை அதிகமானால் நின்று யோசியுங்கள். அந்தப் பணத்தை அடுத்த நல்ல ஹெட்போனில் போட்டால் காதுக்குத் தெரியும் வித்தியாசம் அதிகம்.

## ஐ.க்யூ.சி. தாள்

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஓகே அல்லது என்ஜி என்று குறியுங்கள்.

1. தேவையான மில்லிவாட்டின் இரண்டு மடங்கு, என் ஹெட்போனின் ஓமில் கிடைக்கிறது.
2. டிசி ஆஃப்செட் இரண்டு சேனலிலும் 50 மில்லிவோல்ட்டுக்குள்.
3. லோடு போட்டபின் வோல்ட்டேஜ் பெரிதாக விழவில்லை.
4. ஹம், இரைச்சல், ஒரு பக்கச் சாய்வு இல்லை.
5. அடாப்டர் 230 வோல்ட்டுக்கானது, முத்திரையும் பதிவு எண்ணும் உள்ளது.

ஐந்தும் ஓகே என்றால் அதைவிட விலை அதிகமான ஆம்பைத் தேட வேண்டாம். ஒன்று என்ஜி ஆனாலும், கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள். அதற்காகவே அட்டைப்பெட்டியையும் பில்லையும் கிழிக்காமல் வைத்திருங்கள்.